மந்திரி பதவியை விட்டு மாவட்டத்துக்குப் போனவர்: இஸ்த்ரியாவின் இவான் யாகோவ்சிச்

2001 ஜூன் மாதம் குரோவேஷியாவின் ஆளும் கூட்டணியிலிருந்து ஒரு சின்னக் கட்சி வெளியேறியது. நாடாளுமன்றத்தில் அதற்கு இருந்தது நாலே இடம். அமைச்சரவையில் இருந்தது ஒரே ஒரு மந்திரி. அந்த மந்திரியின் துறை ஐரோப்பிய ஒருங்கிணைப்பு. போர் முடிந்து, பழைய ஆட்சி போய், ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவைத் தட்டத் தொடங்கியிருந்த நாட்டில் அதைவிடக் கவர்ச்சியான துறை அப்போது கிடையாது. அதை விட்டுவிட்டு அவர் போன இடம் ஒரு மாவட்ட நிர்வாகம். சண்டைக்குக் காரணம், அந்த மாவட்டத்தில் இத்தாலிய மொழி எந்த அளவுக்கு ஆட்சி மொழியாக இருக்கலாம் என்பது.

அவர் பெயர் இவான் யாகோவ்சிச். ஊரில் நினோ என்பார்கள். 1991 முதல் 2014 வரை, 23 ஆண்டுகள், ஒரே கட்சிக்குத் தலைவர். அதில் 12 ஆண்டுகள் இஸ்த்ரியா மாவட்டத்தின் ஜூபான், அதாவது மாவட்ட நிர்வாகத் தலைவர். அப்புறம் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். தேசிய அளவில் ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்பே இல்லாத ஒருவர், ஒரு தீபகற்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் எப்படி நீடித்தார்? நீடித்ததால் அந்த மண்ணுக்கு என்ன கிடைத்தது? இந்த ஆய்வு பார்க்கப் போவது இந்த இரண்டைத்தான்.

மண்

அட்ரியாட்டிக் கடலின் வடகோடியில் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் இஸ்த்ரியா. பெரும்பகுதி குரோவேஷியாவில், வடக்கே ஒரு துண்டு ஸ்லோவேனியாவில், இன்னும் சிறிய ஒரு மூலை இத்தாலியில். குரோவேஷியப் பகுதியின் பரப்பு சுமார் 2,800 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சுற்றி: 2001-ல் 2,06,344, 2021-ல் 1,95,237. பெரிய நகரம் பூலா, ஆனால் மாவட்டத் தலைநகர் உள்நாட்டில் இருக்கும் பாசின் என்கிற சிற்றூர்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்தபடி நாலைந்து நாடுகளில் வாழ்ந்தவர்கள் இங்கே உண்டு என்று சொல்வார்கள். வேடிக்கைப் பேச்சு போலத் தோன்றும், கணக்குப் பார்த்தால் சரியாகவே வரும். 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரி. பிறகு இத்தாலி. 1943-ல் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு. 1947 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு யூகோஸ்லாவியா. 1991-க்குப் பிறகு குரோவேஷியா. ஒவ்வொரு மாற்றத்திலும் பள்ளிக்கூட மொழி மாறியது, தெருப்பெயர் மாறியது. முசோலினி காலத்தில் ஸ்லாவியக் குடும்பப் பெயர்களையே இத்தாலியமாக்கினார்கள். அடுத்து வந்த காலத்தில் கதை தலைகீழானது. இஸ்த்ரியா, ரியேகா, டால்மேஷியா பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கான இத்தாலியர்கள் வெளியேறினார்கள். எத்தனை லட்சம் என்பதில் இன்றும் சச்சரவு உண்டு. இரண்டு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை சொல்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்த மண்ணுக்கு எந்தத் தலைநகர் மீதும் பெரிய நம்பிக்கை வராது. வியன்னா, ரோம், பெல்கிரேட், இப்போது ஸாக்ரெப். தலைநகர்கள் வரும், போகும், பக்கத்து வீட்டுக்காரன் இருப்பான் என்கிற மனப்பான்மை அது. யாகோவ்சிச்சின் அரசியல் முழுக்க முளைத்தது இந்த மனப்பான்மையிலிருந்துதான். அவர் பிறந்தது 1957-ல், மேற்குக் கடற்கரையின் பொரெச் நகரில். இத்தாலியத்தில் அதற்குப் பெயர் பரென்சோ. இன்று இத்தாலியில் இருக்கும் திரியெஸ்தே நகரிலிருந்து அங்கே வரை 1902 முதல் 1935 வரை ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது, 123 கிலோமீட்டர். அதன் பெயர் பரென்சானா. இந்த ரயில் பின்னால் மறுபடி வரும்.

கட்சி

இஸ்த்ரிய ஜனநாயகப் பேரவை, சுருக்கமாக ஐ.டி.எஸ்., 1990 பிப்ரவரியில் பூலாவில் பிறந்தது. தொடங்கியவர் இவான் பவுலேத்தா. அடுத்த ஆண்டே தலைமை யாகோவ்சிச்சிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 33. வெளிநாட்டு வணிகம் படித்தவர், வியாபாரம் தெரிந்தவர். அந்தக் காலத்து குரோவேஷிய அரசியல்வாதிகளில் பலர் வரலாற்று ஆசிரியர்களாகவோ பழைய அதிருப்தியாளர்களாகவோ பழைய கம்யூனிஸ்டுகளாகவோ இருந்தார்கள். இவர் அந்த வகையில் சேராதவர்.

அந்த நேரத்தில் ஸாக்ரெப்பில் ஜனாதிபதி ஃப்ரான்யோ துஜ்மானின் தேசியவாதக் கட்சியான ஹெச்.டி.இசட். ஆட்சியில் இருந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு போரில் இருந்தது. ஒரே தேசம், ஒரே குரல் என்பது அன்றைய சூழலில் புரிந்துகொள்ளக்கூடிய கோஷமே. இஸ்த்ரியாவில் போர்முனை இல்லை. அங்கே வந்தது அகதிகளும், காலியான ஹோட்டல்களும், முன்னணிக்கு அழைத்துப் போகப்பட்ட இளைஞர்களும். ஐ.டி.எஸ். சொன்னது எளிமையானது: நாங்கள் குரோவேஷியாவின் குடிமக்கள், ஆனால் இந்த மண்ணில் மூன்று மொழி பேசுகிறோம், எங்கள் பணத்தில் ஒரு பங்கு இங்கேயே இருக்கட்டும், பக்கத்து இத்தாலியோடும் ஸ்லோவேனியாவோடும் கதவைத் திறந்து வையுங்கள். போர்க்காலத்தில் இப்படிப் பேசினால் பிரிவினைவாதி என்ற பட்டம் நிச்சயம். கிடைத்தது. அந்தப் பட்டமே உள்ளூரில் அவர்களுக்கு ஓட்டாக மாறியது.

கட்சியின் அடையாளம் ஆடு. இஸ்த்ரியாவில் ஆடு ஏழை வீட்டுப் பசு. கல்லும் முள்ளும் நிறைந்த மேட்டில் எதையாவது கடித்துப் பிழைத்துக்கொள்ளும் பிராணி. சிங்கமும் கழுகும் வைத்துக்கொள்ளும் அரசியலில் ஆட்டைக் கொடியில் வைப்பதற்கு ஒரு நக்கல் வேண்டும். அந்த நக்கல் இஸ்த்ரியர்களுக்குப் பிடித்திருந்தது.

1992 நாடாளுமன்றத் தேர்தலில் ரியேகா, டால்மேஷியப் பிராந்தியக் கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்து ஆறு இடம் பிடித்தார்கள், அதில் நாலு ஐ.டி.எஸ்.ஸுடையது. யாகோவ்சிச் சாபோர் என்னும் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1993 பிப்ரவரியில் முதல் மாவட்டத் தேர்தல் வந்தது. இஸ்த்ரியாவில் ஐ.டி.எஸ். மற்றவர்களுக்குப் பெரிதாக இடம் வைக்காமல் வாரிக்கொண்டது.

1990-கள்: வென்றும் கை கட்டிய நிலை

ஓட்டு கிடைத்துவிட்டால் அதிகாரம் கிடைத்துவிடும் என்று நினைத்தால், 1990-களின் குரோவேஷியாவில் அது நடக்காது. அன்றைய சட்டப்படி மாவட்டப் பேரவை தேர்ந்தெடுக்கும் ஜூபானை நாட்டின் ஜனாதிபதி உறுதி செய்ய வேண்டும். மாவட்டம் என்பது பாதி உள்ளாட்சி, பாதி மைய அரசின் கை. எதிர்க்கட்சி வெல்லும் மாவட்டத்தில் இந்த இரண்டு பாதியும் ஒன்றையொன்று இழுக்கும்.

1994-ல் இஸ்த்ரியா மாவட்டப் பேரவை தனக்கென ஒரு சாசனம் இயற்றியது. இரு மொழி, பிராந்திய அதிகாரம் எல்லாம் அதில் தாராளமாக இருந்தன. அரசு வழக்குக்குப் போனது. 1995-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதன் பல பிரிவுகளை ரத்து செய்தது. சட்டரீதியாகப் பார்த்தால் தோல்வி. அரசியலாகப் பார்த்தால், இஸ்த்ரியாவுக்கு என்ன வேண்டும் என்பது முதல் தடவையாக உட்பிரிவு எண்களோடு எழுத்தில் வந்துவிட்டது. அடுத்த பத்து ஆண்டுச் சண்டைக்கு அதுதான் வரைபடம்.

கட்சிக்குள்ளும் ஒரு விரிசல் வந்தது. முதல் ஜூபான் லுச்சியானோ டெல்பியாங்கோ, யாகோவ்சிச்சோடு மோதி 1996-ல் வெளியேறி, இஸ்த்ரிய ஜனநாயக மன்றம் என்று தனிக்கட்சி கண்டார். ஐ.டி.எஸ்.ஸில் பெரிய ஆட்கள் வெளியேறுவது இத்தோடு முடியவில்லை. அந்த மண்ணில் ஒரு அரசியல்வாதிக்கு ஐ.டி.எஸ். என்பது கிட்டத்தட்ட ஊரே மாதிரி. உள்ளே தகராறு வந்தால் போய்ச் சேர வேறு வீடு கிடையாது. தனக்கென்று ஒரு குடிசை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குடிசைகள் எதுவும் நெடுநாள் நிற்கவில்லை. யாகோவ்சிச்சின் பலம் இதில் பாதி என்று நினைக்கிறேன். அவரை வென்று கட்சியைக் கைப்பற்ற முடியாதவர், அவருக்கு வெளியே நின்றும் வெல்ல முடியவில்லை.

17 மாதத்து மந்திரி

1999 டிசம்பரில் துஜ்மான் இறந்தார். 2000 ஜனவரி 3-ஆம் தேதி நடந்த தேர்தலில் ஹெச்.டி.இசட். தோற்றது. சமூக ஜனநாயகவாதி இவிட்சா ராச்சான் பிரதமரானார். ஆறு கட்சிக் கூட்டணி. அதில் ஐ.டி.எஸ். ஒன்று. யாகோவ்சிச்சுக்கு ஐரோப்பிய ஒருங்கிணைப்புத் துறை. பொருத்தமான ஆள்தான், எல்லை தாண்டிப் பேசுவது அவருக்குப் பிறவிப் பழக்கம். இத்தாலியம் பேசுபவர்களோடு வளர்ந்தவர்.

2000 நவம்பரில் ஸாக்ரெப்பில் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களும் பால்கன் தலைவர்களும் கூடினார்கள். ஒன்றியத்தில் சேர்வதற்கு முதல் படியான நிலைப்படுத்தல் உடன்பாட்டுக்குக் குரோவேஷியாவோடு பேச்சு அங்கேதான் தொடங்கியது. உடன்பாடு கையெழுத்தானது 2001 அக்டோபரில். அப்போது யாகோவ்சிச் அந்த நாற்காலியில் இல்லை.

நடந்தது இதுதான். 2001-ல் இஸ்த்ரியா மாவட்டம் மறுபடி ஒரு சாசனம் இயற்றியது. மாவட்ட அமைப்புகளில் இத்தாலியமும் குரோவேஷியமும் சமம் என்றது அது. ராச்சான் அரசின் நீதி, நிர்வாக அமைச்சகம் அந்தப் பிரிவுகளை நிறுத்தி வைத்தது. துஜ்மான் செய்திருந்தால் எதிர்பார்த்தது என்று விட்டுவிடலாம். இவர்கள் நண்பர்கள், ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். ஐ.டி.எஸ். கூட்டணியை விட்டு வெளியேறியது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கலாம். 2001 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் இத்தாலியர் 14,284 பேர், அதாவது 6.9 சதவீதம். நூற்றில் ஏழு பேருக்காக மந்திரி பதவியா? இதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர் விலகிய பிறகு 2002 டிசம்பரில் வந்த சிறுபான்மையினர் உரிமைச் சட்டமும் அதைத்தான் காட்டியது: ஓர் உள்ளாட்சி எல்லைக்குள் சிறுபான்மை மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் அவர்கள் மொழியை ஆட்சி மொழியாக்குவது கட்டாயம். அதற்குக் கீழே போனால் அந்த இடத்தின் சொந்தச் சாசனமோ சர்வதேச உடன்படிக்கையோ இடம் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆக ஏழு சதவீதக்காரர்களுக்கு மாவட்டச் சாசனம்தான் முக்கியமான கூரை. இன்னொரு பக்கம், இஸ்த்ரியாவில் இத்தாலியம் பேசுபவர்கள் எல்லோரும் தங்களை இத்தாலியர் என்று பதிவதில்லை. குரோவேஷியன் என்று பதிந்துவிட்டு வீட்டில் பாட்டியோடு இத்தாலியம் பேசுபவர்கள் நிறைய.

கணக்கு தெரிந்த அரசியல்வாதியாகவும் இதைப் பார்க்க வேண்டும். 2001 மே மாதம்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஜூபான் நாற்காலி காலியாக இருந்தது. ஐ.டி.எஸ்.ஸின் ஓட்டு முழுவதும் இஸ்த்ரியாவில். மந்திரியாக இருந்து மொழிப் பிரச்சினையில் வாய்மூடி இருந்தால் ஊரில் முகம் காட்ட முடியாது. பதவியைத் துறந்தால் கொள்கைவீரர். துறந்த கையோடு ஜூபானாகவும் உட்கார்ந்தார். கொள்கையும் கணக்கும் ஒரே திசையில் போன அபூர்வமான தருணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை; அரசியலில் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் காரியம் நடக்கும்.

சாசனம் பிறகு திருத்தி அமைக்கப்பட்டது, இரு மொழி நிலைத்தது.

ஜூபான்

2001 முதல் 2013 வரை மூன்று தவணை. முதல் இரண்டு தடவை மாவட்டப் பேரவை தேர்ந்தெடுத்தது. 2009-ல் முதன்முறையாக ஜூபானை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், அதிலும் வென்றார்.

குரோவேஷிய மாவட்டம் ஒன்றின் அதிகாரம் என்ன என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். பள்ளிக் கட்டடங்கள், மாவட்டச் சுகாதார நிறுவனங்கள், மாவட்டச் சாலைகள், அப்புறம் நிலப் பயன்பாட்டுத் திட்டம். வரி வருமானத்தில் மாவட்டத்துக்கு வருவது சொற்பம். நகரங்களின் கஜானா பெரும்பாலும் மாவட்டத்தைவிடக் கனமானது. இந்தப் பட்டியலில் பல் உள்ளது கடைசி ஒன்று மட்டும். கடற்கரை முழுக்கச் சுற்றுலா நிலமாக இருக்கும் இடத்தில், எங்கே ஹோட்டல் வரலாம், எங்கே வரக்கூடாது என்று வரைபடத்தில் நிறம் தீட்டுபவர் கையில் பெரிய பணம் இருக்கிறது.

அந்த நிறம் தீட்டலில்தான் அவர் மீது அதிக விமர்சனம் வந்தது. மாவட்டத் திட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தண்ணீர் குறைவான ஒரு சுண்ணாம்புக்கல் தீபகற்பத்தில் இருபது கோல்ஃப் மைதானம்! 2009-ல் வடமேற்கு முனையில் சாவுத்ரியாவில் ஒன்று வந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றுவிட்டன. விளையாட்டுக்கான நிலம் என்று குறித்துவிட்டு, பக்கத்தில் வில்லா கட்டி விற்பதுதான் உண்மையான திட்டம் என்று சுற்றுச்சூழல்காரர்கள் சொன்னார்கள். பணக்காரப் பயணி வந்தால்தான் கோடைக்கு வெளியேயும் வேலை இருக்கும் என்று இவர் தரப்பு சொன்னது. எனக்குச் சுற்றுச்சூழல்காரர்களின் வாதம்தான் வலுவாகத் தெரிகிறது. ஆனால் பருவத்துக்கு வெளியே வெறிச்சோடும் கடற்கரை ஊரின் கஷ்டமும் பொய்யில்லை.

அவர் காலத்தில் நன்றாக நடந்தது உள்நாட்டில். இஸ்த்ரியா என்றால் கடற்கரை என்றே இருந்த பிம்பம், மலைமேட்டுக் கிராமங்கள், மல்வாசியா வைன், ஆலிவ் எண்ணெய், மோட்டோவுன் காட்டு ட்ரஃபிள் காளான் என்று மாறியது. காளானுக்குத் தொடக்கம் இவரில்லை. 1999 நவம்பரில் ஜன்கார்லோ சிகாந்தே என்பவர் 1.31 கிலோ எடையுள்ள வெள்ளை ட்ரஃபிளைத் தோண்டி எடுத்து கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். விளம்பரம் தானாக வந்தது. அந்த அலையைப் பிடித்து வைன் சாலை, எண்ணெய்ச் சாலை என்று பலகை நட்டு, பண்ணை வீடுகளில் தங்க வைக்கும் ஏற்பாட்டை மாவட்டம் முன்னெடுத்தது. பாசினில் ஊரக வளர்ச்சி முகமை ஒன்றை மாவட்டமே அமைத்தது. போஷ்காரின் என்று செல்லமாக அழைக்கப்படும் நீண்ட கொம்பு இஸ்த்ரிய மாடு, டிராக்டர் வந்த பிறகு உழவில் வேலையில்லாமல் அழிவின் விளிம்புக்குப் போயிருந்தது. அதைக் காப்பாற்ற அந்த முகமை பிடித்த வழி, இறைச்சியாக நல்ல உணவகங்களின் மேசைக்குக் கொண்டுவருவது. மாட்டைக் காப்பாற்ற மாட்டைத் தின்பதா என்று கேட்டால் விவசாயி சிரிப்பார். விலை கிடைத்தால்தான் வளர்ப்பார்கள்.

பரென்சானா ரயில்பாதையும் இந்தக் காலத்தில்தான் உயிர் பெற்றது. 1935-ல் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். சுரங்கங்களும் கல்பாலங்களும் மட்டும் புதருக்குள் கிடந்தன. 2000-களின் நடுவில் ஐரோப்பிய எல்லை கடந்த திட்ட நிதியில் அதைச் சைக்கிள் பாதையாக்கினார்கள், மாவட்டம் முன்னின்றது. பாதை மூன்று நாடுகளில் ஓடுகிறது. யாகோவ்சிச் மேடையில் பேசிய எல்லையற்ற இஸ்த்ரியாவை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பாதையில் சைக்கிள் மிதிக்கலாம். பேச்சைவிட இது நிச்சயம்.

2002-ல் மாவட்டத்துக்கு அதிகாரப்பூர்வச் சின்னம் வந்தது. நீலக் கேடயத்தில் தங்க ஆடு, சிவந்த கொம்பும் குளம்பும். பழைய இஸ்த்ரியச் சின்னம் இதுவே. கட்சியின் அடையாளமும் ஆடே. ஆக மாவட்டக் கட்டடத்து ஆட்டையும் கட்சி அலுவலகத்து ஆட்டையும் பிரித்துப் பார்ப்பது ஊர்க்காரருக்கே கடினமாகிப் போனது. எதிரிகள் சொன்ன பெரிய குறையும் அதுவே: நகராட்சி, மாவட்டம், பொது நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஒரே கட்சியின் ஆட்கள், வேலை வேண்டுமென்றால் ஆட்டுக்குப் புல் போட வேண்டும். ஸாக்ரெப்பின் ஒருகட்சி ஆதிக்கத்தை எதிர்த்துப் பிறந்த கட்சி, உள்ளூரில் இன்னொரு ஒருகட்சி ஆதிக்கமாக மாறியிருந்தது.

2006-ல் பூலாவில் அட்ரியாட்டிக் யூரோ பிராந்தியம் என்ற கூட்டமைப்பு தொடங்கியது. கடலின் இரு கரையிலும் உள்ள பிராந்தியங்களை, இத்தாலியிலிருந்து அல்பேனியா வரை, ஒன்றாக உட்கார வைப்பது நோக்கம். ஸாக்ரெப் கொடுக்காத மரியாதையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் தேடும் வழி இது.

கணக்கெடுப்பு சொல்லும் கதை

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். குரோவேஷியக் கணக்கெடுப்பில் தேசிய இனம் என்ற கட்டத்தில் குரோவேஷியன், இத்தாலியன் என்று எழுதாமல் வெறுமனே இஸ்த்ரியன் என்று எழுதுபவர்கள் உண்டு. 1991-ல் அப்படி எழுதியவர்கள் 37,654 பேர். 2001-ல் அது 8,865-ஆகச் சரிந்தது. 2011-ல் 25,203-ஆக ஏறியது, 12.1 சதவீதம். 2021-ல் 10,025.

இனம் என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஊஞ்சலாடுமா? ஆடாது. இதை நான் ஒரு கோபமானியாகப் படிக்கிறேன். 1991-ல் புதிய தேசியவாதத்தின் மேல் பயம், ஏறியது. 2001-ல் துஜ்மான் போய், சொந்த ஊர்க்காரர் மந்திரியாக இருந்தார், இறங்கியது. ஆனால் அதே 2001-ல் இஸ்த்ரியாவில் ஐ.டி.எஸ். சுலபமாக மாவட்டத்தைப் பிடித்தது. அதாவது கட்சிக்கு விழுந்த ஓட்டு அடையாள ஓட்டு மட்டும் இல்லை. இஸ்த்ரியன் என்று எழுதாத பெரும்பான்மையும் ஆட்டுக்குத்தான் குத்தியது. அவர்களுக்கு அந்தக் கட்சி நல்ல நிர்வாகம், அமைதி, தங்கள் ஆட்கள் என்கிற உறுதி. அந்த உறுதி பழுதானால் அடையாளம் தனியாகக் கட்சியைத் தாங்காது. பின்னால் நடந்தது இதைக் காட்டியது.

காஜின் போனது

தாமிர் காஜின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1990-களில் மாவட்டப் பேரவையின் தலைவர், பிறகு நாடாளுமன்றத்தில் கட்சியின் குரல். யாகோவ்சிச் பேரம் பேசுபவர் என்றால் காஜின் சத்தம் போடுபவர். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் இஸ்த்ரியா என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வந்த முகம் காஜினுடையது. 2009 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நின்று நாலு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கினார். இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டத்திலிருந்து வந்த வேட்பாளருக்கு அது மோசமில்லை.

2012-ல் அவரும் கட்சியும் பிரிந்தார்கள். 2013 தேர்தலில் ஜூபான் பதவிக்கு யாகோவ்சிச் நிற்கவில்லை, ஐ.டி.எஸ். நிறுத்தியது வால்டர் ஃப்லேகோவை. எதிரே நின்றவர் காஜின். இருபது ஆண்டுக்கும் மேல் ஒரே பக்கம் நின்றவர், இப்போது எதிர்ப்பக்கம். ஃப்லேகோ வென்றார். டெல்பியாங்கோ கதையின் இரண்டாம் பதிப்பு. கட்சி எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூட இருந்தே குறை சொல்லக்கூடிய ஆள் உள்ளே இல்லாமல் போனார்.

2014-ல் கட்சித் தலைமை பூலா மேயர் போரிஸ் மிலேதிச்சிடம் போனது.

பிரஸ்ஸல்ஸ்

2014 மே மாதம் யாகோவ்சிச் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார், சமூக ஜனநாயகக் கட்சியின் கூட்டணிப் பட்டியலில். அங்கே தாராளவாதிகள் அணியில் உட்கார்ந்தார். 2015-ல் அட்ரியாட்டிக்-ஐயோனியப் பிராந்தியத்துக்கான ஒன்றியத்தின் உத்தி பற்றிய நாடாளுமன்ற அறிக்கையைத் தயாரித்தவர் இவரே. இளம்வயதில் பிரிவினைவாதி என்று ஏச்சு வாங்கிக்கொடுத்த அதே எண்ணம், இப்போது ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்ற ஆவணமாக வந்தது.

எல்லை விஷயத்தில் வரலாறு இவரோடு விளையாடியது. யூகோஸ்லாவியா இருந்தவரை ஸ்லோவேனிய இஸ்த்ரியாவுக்கும் குரோவேஷிய இஸ்த்ரியாவுக்கும் நடுவே சோதனைச்சாவடி கிடையாது. 1991-ல் வந்தது. 2004-ல் ஸ்லோவேனியா ஒன்றியத்தில் சேர்ந்து, 2007-ல் உள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்திலும் சேர்ந்ததும் அது இன்னும் இறுகியது. 2013 ஜூலை முதல் தேதி குரோவேஷியாவும் சேர்ந்தது, தளரும் என்று எதிர்பார்த்தார்கள். 2015 டிசம்பரில் அகதிகளைத் தடுக்க ஸ்லோவேனியா டிராகோன்யா ஆற்றை ஒட்டி முள்கம்பி வேலி போட்டது. இரு பக்கத்து இஸ்த்ரியர்களும் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சாவடிகள் உண்மையிலேயே காலியானது 2023 ஜனவரி 1-ஆம் தேதி, குரோவேஷியா ஷெங்கனில் சேர்ந்தபோது. அப்போது யாகோவ்சிச் எந்தப் பதவியிலும் இல்லை. 2019-ல் அவருடைய தவணை முடிந்து, கட்சியின் ஐரோப்பிய இடம் ஃப்லேகோவிடம் போயிருந்தது.

கோட்டையில் விரிசல்

2019 மே மாதம் பூலாவின் உல்யானிக் கப்பல் கட்டும் தளம் திவாலானது. 1856-ல் ஆஸ்திரியப் பேரரசின் கடற்படைக்கான கப்பல் கட்டும் தளமாகத் தொடங்கியது அது. நகரத்தின் வானத்தில் தெரியும் கிரேன்களே ஊரின் முகவரி. நிர்வாகத் தவறு யாருடையது, ஸாக்ரெப்பின் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் நீண்ட வாதம். ஆனால் கேள்வி ஐ.டி.எஸ். வாசலுக்கும் வந்தது: இத்தனை வருடம் ஊரை ஆண்டவர்கள் நீங்கள், நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஸாக்ரெப் மேல் பழி போடுவது முப்பது ஆண்டாக வேலை செய்த பதில். இந்த முறை அது முழுசாக எடுபடவில்லை.

2021 உள்ளாட்சித் தேர்தலில் பூலா மேயர் பதவியைக் கட்சி இழந்தது. வென்றவர் ஃபிலிப் ஸோரிசிச், கட்சி சாராதவர். 2006 முதல் 2021 வரை பூலாவை ஆண்ட மிலேதிச் ஜூபான் பதவிக்கு நின்று, சமூக ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை மயிரிழையில் தாண்டினார். 1993-ல் மற்றவர்களுக்குப் பெரிதாக இடம் வைக்காமல் வென்ற கட்சி இது.

மாவட்ட அலுவலக வாசலில் இன்றும் இரண்டு மொழியில் பெயர் இருக்கிறது. குரோவேஷியத்தில் இஸ்தார்ஸ்கா ஜூபானியா, அதாவது இஸ்த்ரிய மாவட்டம். அடுத்தது இத்தாலியத்தில், ரெஜியோனே இஸ்த்ரியானா. மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் அது சரியில்லை. இத்தாலியில் மாவட்டத்துக்குச் சொல் ப்ரொவின்ச்சியா. ரெஜியோனே என்றால் தனக்கென்று சட்டமன்றம் உள்ள பிராந்தியம். ஸாக்ரெப் ஒருநாளும் கொடுக்காத அந்த அந்தஸ்து, பலகையின் இத்தாலியப் பாதியில் மட்டும் இருக்கிறது.